பெரட்டில் கூப்பிடாத பெயர்

கல்லூரிக்குப் போகும்வரை எனக்கு எழுதத் தெரிந்தது சாட்சி மட்டும்தான். மூணாறுக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாராவது எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, தனக்கு நேர்ந்ததைச் சொல்வார். காய்ச்சல் வந்ததும் போனதும், மாடு காணாமல் போய்க் கிடைத்ததும், குடியை விட்டதும், மறுபடி பிடித்ததும், மறுபடி விட்டதும் எல்லாம் அங்கே வரும். 'நான்' என்று ஆரம்பித்து ஸ்தோத்திரத்தில் முடிக்க வேண்டும். நடுவில் குரல் தழுதழுத்தால் நல்லது. யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள், ஆமென் சொல்வார்கள். பிறகு பாலக்காட்டில் மிஷன் போர்டிங்கில் என்னைச் சேர்த்தபோது, அதையே தாளில் எழுதி வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்தால் கதவோரம் நிற்கிற சமையல்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எனக்கு எழுத வரும் என்று நான் நம்பியதற்கு அந்தச் சமையல்காரர்தான் காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டுக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சரித்திரம் எடுத்துக்கொண்டேன். தோட்டத்துக் கூலிக்காரன் மகன் பி.ஏ. படிப்பதை அப்போது வேடிக்கை பார்க்க வருவார்கள். மிஷன்காரர்கள் பிடித்துத் தள்ளினார்கள், நான் போய் விழுந்தேன், அவ்வளவுதான். எங்கள் சரித்திர விரிவுரையாளர் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். ஒல்லியான மனிதர், யாரிடமும் ஒட்டமாட்டார், பாடத்தை ஜன்னலுக்குத்தான் நடத்துவார். அவர் அந்த ஆண்டு ஆளுக்கு ஒரு நீண்ட கட்டுரை எழுதச் சொன்னார். அவரவர் ஊரில் நடந்ததாக இருக்க வேண்டும், பாடப்புத்தகத்தில் இருக்கக் கூடாது. அது தேறினால்தான் சென்னையில் மேல்படிப்புக்குச் சிபாரிசு எழுதுவேன் என்றும் ஜன்னலிடம் சொல்லிவிட்டார்.

நான் பெருவெள்ளத்தை எடுத்தேன். கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், இங்கிலீஷ் கணக்கில் 1924-இல், மலையாள நாடு முழுவதையும் புரட்டிப் போட்ட அந்த மழையை நான் சிறுவனாக மலையில் இருந்தே பார்த்தவன். மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊரில் மலை எப்படிச் சரிந்தது, ரயில் தண்டவாளம் எப்படிப் போயிற்று என்றெல்லாம் பலரும் பேசிக் கேட்டிருக்கலாம். எங்கள் தோட்டத்தில் நடந்ததை யாரும் பேசியதில்லை. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, எங்கள் வீட்டின் அடுப்பு மூலையில் இறங்கியது. என் தங்கை அந்த மூலையில்தான் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். கொழுந்துக் கூடையைத் தொடும் வயது அவளுக்கு வரவில்லை. நாங்கள் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவள் செத்தது அந்தக் கட்டுரையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தலைப்பை எடுத்தேன். சிபாரிசு எல்லாம் அப்புறம்தான்.

முதல் கட்டுரையை ஒரே மூச்சில் எழுதினேன். இங்கிலீஷ் கொஞ்சம் நொண்டியது, மற்றபடி நல்ல சாட்சி. 'நான்' என்று ஆரம்பித்து, இருட்டையும் இடியையும் சொல்லி, தங்கையைச் சொல்லி, கடைசியில் ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடித்திருந்தேன். கட்டுரை திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் நீலப் பென்சில். வரிக்கு வரி ஒரே கேள்விதான், இது யார் சொன்னது? மழை பெய்தது என்ற இடத்திலும் கேட்டிருந்தார், லயம் இடிந்த இடத்திலும் கேட்டிருந்தார். ஆண்டவருக்கு நன்றி சொன்ன வரிக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

அவர் அறைக்குப் போய், "நான் பார்த்தேன் சார்" என்றேன்.

"நீ பார்த்தே. நான் பார்க்கலையே. வாசிக்கறவா யாரும் பார்க்கலை. அவாளுக்கு எதைக் காட்டப்போறே?"

"நான் பொய் சொல்லவில்லை."

"பொய்யின்னு நான் சொன்னேனா? காட்டுன்னுதானே சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

அப்போது கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் நானும் இன்னொரு மாணவனும் தங்கியிருந்தோம். அவன் பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பையன். அப்பா மாட்டு வியாபாரமும் செய்கிறவர். என்னைப் பாதிரியாரே என்றுதான் கூப்பிடுவான், மரியாதை கொடுத்தே மானத்தை வாங்குவான். நான் ஊரிலிருந்து கொண்டுவந்து உத்தரத்தில் தொங்கவிட்டிருந்த வட்டவடைப் பூண்டைப் பார்த்து, "ஏனுங் பாதிரியாரே, இந்த நாத்தத்துல பேயும் வராது, பொண்ணுந் தர மாட்டாங்க" என்பான். நீலப் பென்சில் கட்டுரையை அவன்தான் முதலில் பொறுமையாக வாசித்தான். தங்கை விஷயம் அதில்தான் அவனுக்குத் தெரியவந்தது. கொஞ்ச நேரம் கேலி இல்லை. பிறகு, "மாட்டுச் சந்தையில துண்டுக்கடியில கைய வெச்சு வெல பேசுவாங்கல்ல, அந்தாட்ட இருக்குது. உனக்கும் நீ கும்புடற அந்தச் சாமிக்கும் மட்டுந்தான் வெல தெரியுது. துண்டை எடுப்பா" என்றான்.

எனக்கு எழுத வந்தது அந்த அறையில்தான். அவன் சித்தூர் ஆற்றுக் கால்வாய்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். அவனுடைய வியாதி வேறு. நாலு புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவான், அவன் சொந்தமாகச் சொன்னது எது என்று தேடினாலும் கிடைக்காது. சாயங்காலங்களில் ஒருவர் கட்டுரையை மற்றவர் உரக்க வாசிப்பது என்று வைத்துக்கொண்டோம். வாசிக்கிறவர் கையில் ஒரு கரண்டி இருக்கும். ஆதாரம் இல்லாத இடம் வந்தால் மேசையில் ஒரு தட்டு. தட்டியதும் எழுதியவன் புத்தகத்தின் பெயரையும் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். அவன் என் கட்டுரையை வாசித்த முதல் நாள், கீழ்க்கடைக்காரர் மேலே வந்து என்ன ரிப்பேர் நடக்கிறது என்று கேட்டார்.

கரண்டிக்குப் பயந்தே நான் பல விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். ஒரு பத்தியில் ஒரு விஷயத்துக்கு மேல் வைத்தால் கேட்கிறவன் குழம்புகிறான். 'பயங்கரமான மழை' என்றால் கரண்டி தட்டும், எந்தப் பாலம் போயிற்று என்று சொன்னால் தட்டாது. இன்னொருவர் சொன்னதை என் வார்த்தையில் சொன்னாலும், சொன்னது அவர்தான் என்று சொல்லியாக வேண்டும். சாட்சியில் 'இருக்கலாம்' என்ற சொல்லுக்கே இடமில்லை. கட்டுரையில் அது உப்பு, இல்லாமலும் முடியாது, கூடினாலும் வாயில் வைக்க முடியாது. 'நான்' கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு நாள் காணாமலே போயிற்று. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'நான்' போனதும் கூடவே பாப்பாவும் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

அந்தப் பயம் சும்மா வரவில்லை. கல்லூரி நூலகத்தில் வெள்ளத்தைப் பற்றித் தேடியபோது, மலைத் தோட்டங்களில் ஏற்பட்ட சேதத்தைத் தொகுத்து அச்சிட்ட பழைய அறிக்கை ஒன்று கிடைத்தது. எங்கள் தோட்டமும் அதில் இருந்தது. போன பாலங்கள், சரிந்த தேயிலை, உடைந்த பாக்டரிச் சுவர் எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள். துரையின் மட்டக்குதிரை ஒன்று செத்ததையும் எழுதியிருந்தார்கள். கூலி ஆட்களில் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்று அடுத்த வரி சொன்னது. நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். புத்தகத்தைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. நூலகர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நண்பன் முழுக் கட்டுரையையும் வாசித்தான். தங்கை வருகிற வரியில் நின்றான். தட்டுவதா வேண்டாமா என்று யோசித்து, மெதுவாகத்தான் தட்டினான்.

"அந்த ஒரு வரிய எடுத்துருப்பா. அச்சடிச்ச பொஸ்தகம் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற. மத்ததெல்லாம் அருமையா வந்திருக்குது. இதுனால மெட்ராஸ் போறது கெட்டுப்போகும்."

"முடியாது."

"அப்ப பொஸ்தகம் பொய்யிங்கிறியா?"

ஆமாம் என்றுதான் எழுதினேன். அறிக்கை எழுதியவன் பொய்யன் என்று ஒரு பக்கம் நிறைய எழுதி, அதோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். விரிவுரையாளர் அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். இந்த முறை ஜன்னலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"ஒருத்தன் தப்பா எழுதியிருக்கான்னா, ஏன் தப்பா எழுதினான்னு சொல்லணும். அவனுக்கு யார் சொன்னா? அவாளுக்கு எப்படித் தெரியும்? உனக்குக் கோபம் வருதுங்கறது ஒரு காரணம் ஆகாது. கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு வரச்சே கொண்டு வா. அதையும் காட்ட முடியலேன்னா அந்த வரியை எடுத்துடு, கட்டுரை தேறிடும்."

லீவுக்கு மலைக்குப் போனேன். பொள்ளாச்சி வரை ரயில், உடுமலைப்பேட்டை வரை வண்டி, அதற்கு மேல் சின்னாறு வழியாகப் பெரும்பாலும் நடை. தோட்டத்தில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து நடந்துகொண்டிருந்தது. அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே அடுப்பில் இருந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு எங்களுக்குக் கொடுத்த வீட்டில் அடுப்பு வாசல் பக்கம் இருந்தது, அம்மாதான் அப்படி மாற்றிக்கொண்டாள். வீட்டில் அந்த விஷயத்தை நாங்கள் பேசுவதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விரிவுரையாளர் கேட்ட மாதிரியே கேட்டேன்.

"அய்யா, வெள்ளம் வடிஞ்ச பொறவு செத்தது எத்தனை பேருன்னு கேக்க ஆரும் வந்தாகளா?"

"ஆரு வருவா? பெரட்டு போட்டாக."

பெரட்டு என்றால் தினமும் காலையில் வேலைக்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது; கூப்பிடுகிறவர் கண்டக்டர், துரைக்குக் கீழே வேலையை மேற்பார்க்கிற உத்தியோகஸ்தர். கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் கங்காணி முறைப்பார். நான் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் விழித்திருக்கிறேன்.

"மழை விட்ட அன்னைக்கே கொம்பு ஊதிட்டாக" என்றார் அப்பா, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாப்பாவ அடக்கம் பண்ணிட்டு அப்பந்தான் வாரோம். கையில மண்ணு காயல. பாக்டரி வாசல்ல எல்லாரையும் நிக்க வச்சு கண்டக்டரு பேரு வாசிச்சாரு. நா இருக்கேன்னேன். ஒங்கம்மா இருக்கேன்னா. எல்லாரும் இருக்கேன்னாக. ஒரு ஆளும் கொறையலன்னு கண்டக்டரு தொரைட்ட போயிச் சொன்னாரு. தொரை தொப்பியக் கழட்டி மேல பாத்துக் கும்பிட்டாரு. நல்ல மனுசன்தான்."

"பாப்பாவப் பத்தி நீங்க சொல்லலியா?"

தீட்டுகிற சத்தம் நின்றது. உள்ளே அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்ததும் கேட்டது.

"அவ பேரைக் கூப்பிடலையே" என்றார். "கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா."

அறிக்கையை எழுதியவன் பொய் சொல்லவில்லை என்பது அப்போது விளங்கியது. கூப்பிட்ட பெயர்கள் எல்லாம் பதில் சொல்லியிருக்கின்றன. துரை கண்டக்டரைக் கேட்டார், கண்டக்டர் பெரட்டைக் கேட்டார், பெரட்டில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் பெயர். கைக்குழந்தைக்கும், ஓடி விளையாடுகிற பிள்ளைக்கும், வேலைக்கு ஆகாத கிழவனுக்கும் அங்கே பெயர் கிடையாது. உயிர்ச்சேதம் இல்லை என்ற வரியில் என் அப்பாவின் குரலும் இருந்தது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அப்பா எதிரே உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஒரு சந்தோஷம் வந்தது எனக்கு அசிங்கமாகவும் இருந்தது. படிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

இதைக் கட்டுரையில் எழுதப் போகிறேன், சொன்னது யார் என்று அடியில் பெயர் போட வேண்டும் என்றேன். அப்பா கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தார்.

"தொரை படிப்பாரா?"

"இல்லய்யா. ஒரு வாத்தியாரு மட்டுந்தான் படிப்பாரு."

"அப்பப் போடு." கத்தியை மறுபடி கல்லில் வைத்தவர் நிறுத்தினார். "அவ பேரையும் போடு. பாப்பான்னு போடாத. ஞானஸ்நானத்துல வச்ச பேரைப் போடு."

அந்தப் பெயர் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பாதிரியார் தண்ணீர் தெளித்தபோது ஒரு முறை சொன்ன பெயர் அது, வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மாதான் உள்ளே இருந்தபடி அதைச் சொன்னாள். வெளியே வரவில்லை.

பாலக்காடு திரும்பியதும் அந்தப் பகுதியை மறுபடி எழுதினேன். பொய்யன் என்று திட்டிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அறிக்கை சொல்வது இது, அது எந்தக் கணக்கிலிருந்து வந்திருக்கலாம் என்பது இது, அந்தக் கணக்கில் யார் சேர மாட்டார்கள் என்பது இது, ஆகவே அறிக்கை மௌனமாக இருக்கிறதே தவிர மறுக்கவில்லை என்று நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஒரு குழந்தை இறந்தது என்ற இடத்தில் ஒரு சிறிய எண்ணைப் போட்டேன். பக்கத்தின் அடியில் அதே எண்ணைப் போட்டு, தோட்டத் தொழிலாளியான தந்தை நேரில் சொன்னது என்று எழுதி, அப்பாவின் பெயரையும் இறந்த குழந்தையின் பெயரையும் எழுதினேன். ஸ்தோத்திரம் இல்லை, இடி மின்னல் இல்லை. இதைவிட வறட்டு எழுத்தை நான் அதற்கு முன்னால் எழுதியதில்லை, இதை எழுதியபோது அழுத மாதிரி எந்தச் சாட்சிக்கும் அழுததில்லை.

கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தேறியது. அடிக்குறிப்புக்குப் பக்கத்தில் விரிவுரையாளர், சாட்சி உறவினர், ஆனாலும் ஏற்கலாம் என்று நீலப் பென்சிலில் எழுதியிருந்தார். கட்டுரை இன்னும் சுருக்கமாக இருந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். சிபாரிசும் கிடைத்தது, நான் சென்னைக்குப் போனேன். என் நண்பன் கால்வாய்க் கட்டுரையைக் கடைசி வாரத்தில் முழுக்க மாற்றி எழுதி, என்னைவிட நல்ல மார்க்கு வாங்கினான். அதை வைத்து ரொம்ப நாள் என்னை வறுத்தெடுத்தான்.

ஆனால் அந்தக் கட்டுரையை நினைத்தால் எனக்கு மார்க்கு ஞாபகம் வருவதில்லை. கொடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது. வழக்கம்போல நண்பன் கரண்டியோடு உட்கார்ந்து வாசித்தான். மைதானத்தில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்த சத்தம் மேலே வந்தது. மழைக்குத் தட்டவில்லை, பாலத்துக்குத் தட்டவில்லை, அறிக்கைக்கும் தட்டவில்லை. ஒரே ஒரு 'இருக்கலாம்' கூடிப்போன இடத்தில் தட்டிவிட்டு, போகட்டும் என்றான். பிறகு அந்தச் சிறிய எண் வந்தது. அடிக்குறிப்பையும் உரக்க வாசிப்பதுதான் எங்கள் வழக்கம். என் அப்பாவின் பெயரை வாசித்தான். அடுத்த பெயரில் கொஞ்சம் தடுமாறினான், அவன் ஊரில் அப்படிப்பட்ட பெயர்கள் கிடையாது. அதனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, என் தங்கையின் பெயரை முழுதாக, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கூப்பிட்டான்.

"இருக்கா" என்றேன்.